நெல்லிக்குப்பத்திலிருந்து மருத்துவ உதவியாளர் படிப்பு: எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாம்?

நெல்லிக்குப்பத்துக்காரி எழுதியது:

எனக்கு வயது 29. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு எடுத்துத் தேறியவள். நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மாதம் ஒன்பதாயிரம் ரூபாய். கணவர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். அரவை நடக்கும் மாதங்களில் வீட்டில் காசு புழங்கும், மற்ற மாதங்களில் என் சம்பளம்தான். மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

மாமனார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தபோது அவரைத் திருப்பிப் போடுவது, உடம்பு துடைப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது எல்லாம் நான்தான் செய்தேன். மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்திருந்த நாட்களில் அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "உனக்குக் கை நன்றாக வருகிறது, ஏதாவது படியேன்" என்றும் சொன்னார். மாமனார் காலமாகிவிட்டார். அந்தப் பேச்சு மட்டும் மனதில் நின்றுவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், எல்லை தாண்டிய கொஞ்ச தூரத்தில், ஒரு மாடியில் பயிற்சி நிலையம் நடக்கிறது. பெயரைப் போட விரும்பவில்லை. 'மெடிக்கல் அசிஸ்டெண்ட் டிப்ளமோ', ஆறு மாதம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு, கட்டணம் 45,000 ரூபாய். துண்டறிக்கையில் 'நர்ஸ் வேலை உறுதி' என்றும் 'அமெரிக்காவிலும் செல்லும் சான்றிதழ்' என்றும் அச்சடித்திருக்கிறார்கள். எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று கேட்டேன். "அதெல்லாம் ஏற்பாடு செய்துவிடுவோம் மேடம்" என்றார் அங்கிருந்த பெண். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சேரும் அன்றே ஒப்படைக்க வேண்டுமாம்.

கொழுந்தனார் சேர்ந்துவிடச் சொல்கிறார். மாமியார் "ஊரார் பீ மூத்திரம் அள்ளவா கடன் வாங்கிப் படிக்கப்போகிறாய்?" என்கிறார். தன் கணவருக்கு நான் அள்ளியபோது அவர் எதுவும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

நகையை வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். இந்தச் சான்றிதழ் செல்லுமா? இது செல்லாது என்றால், வணிகவியல் படித்த எனக்கு வேறு என்ன வழி இருக்கிறது? மருத்துவமனையில் வேலை செய்தவர்கள், செய்கிறவர்கள் சொன்னால் நல்லது.

கெடிலக்கரை ஆய்வகம் எழுதியது:

அக்கா, நகையைப் பெட்டியிலேயே வையுங்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமானால் காட்டிவிட்டு நகலைக் கொடுக்கலாம். அசலை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் நீங்கள் பாதியில் விலகினால் மீதிப் பணத்தைக் கறக்கத்தான் வாங்குகிறார்கள்.

நான் கடலூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் டெக்னீஷியன். ஒரு கணக்குச் சொல்கிறேன். 2021-ல் மத்திய அரசு இணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி இணை சுகாதாரத் தொழிலர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் படித்த டிப்ளமோவோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரம் கொண்டதாக, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் படித்ததாக இருக்க வேண்டும். உங்கள் ஆறு மாதத்தில் 26 வார இறுதிகள். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று தாராளமாகப் போட்டாலும் 260 மணி நேரம்தான் வருகிறது. இதற்கு டிப்ளமோ என்று பெயர் வைக்க அச்சகத்துக்காரர் தவிர வேறு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் துறைக்கு உங்களை அழைக்கலாம் என்று பார்த்தால் ஆய்வக நுட்ப டிப்ளமோவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், அறுவை அரங்கம், மயக்கவியல், அவசரச் சிகிச்சை என்று ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகள் இருக்கின்றன, கட்டணமும் சொற்பம். ஆனால் அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு வணிகவியல் இடிக்கும். விளக்கக் குறிப்பேடு வரும்போது தகுதிப் பகுதியை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகப் போகின்றன, அதற்குப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று வேண்டும். எல்லையிலிருக்கும் முள்ளோடைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்த வாசல் கிடையாது. இலவச இடம் என்று யாராவது சொன்னால் எந்த மாநிலத்துக்காரருக்கு இலவசம் என்று கேளுங்கள்.

முத்தியால்பேட்டை சிஸ்டர் எழுதியது:

தம்பி போட்ட கணக்கு சரி. ஆனால் நெல்லிக்குப்பத்து அம்மா கேட்டதில் பாதிக்குத்தான் அது பதில்.

நான் புதுச்சேரி அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து, வார்டு இன்சார்ஜாக ஓய்வு பெற்றவள். இப்போதும் ஒரு தனியார் இடத்தில் உதவியாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். சம்பளத்துக்காக இல்லை, வீட்டில் தொலைக்காட்சி சத்தம் தாங்கவில்லை.

அந்தத் துண்டறிக்கையில் மூன்று வேறு வேறு வேலைகளைக் குழப்பி ஒரே பெயரில் விற்கிறார்கள். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று நோயாளியின் வரலாறு எடுத்து, அறுவையில் துணை நின்று, கேஸ் ஷீட் எழுதுகிறவர் ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட். அது பட்டப் படிப்பு. நம் நாட்டில் அதை 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியன் தொடங்கிவைத்தார். இன்றைக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலேயே பி.எஸ்சி. ஆக இருக்கிறது. உயிரியல் படித்திருக்க வேண்டும், ஆகவே உங்களுக்கு அது இல்லை. விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, செவிலியர். இந்தப் பெயரை வைத்துக்கொள்ள இந்திய செவிலியர் குழுமம் ஒப்புக்கொண்ட பள்ளியிலோ கல்லூரியிலோ படித்து, மாநிலக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, செவிலியர் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நான்கு ஆண்டு. ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறேன் என்பவன் பொய்யன், அவனிடம் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நீங்கள் மாமனாருக்குச் செய்தது. அதற்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்று பெயர், ஜி.டி.ஏ. என்பார்கள். சுகாதாரத் துறைக்கான திறன் குழுமம் அதற்குப் பாடத்திட்டமும் தேர்வும் வைத்திருக்கிறது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் நான்காம் நிலை. நீங்கள் தேறிய பன்னிரண்டாம் வகுப்பு போதும், எந்தப் பிரிவு என்று கேட்க மாட்டார்கள். பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம், கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாயா திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் ஆகியவற்றின் கீழ் இதை இலவசமாகவே நடத்துவார்கள். எந்த மையத்தில் எப்போது தொடங்குகிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடலூர் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இலவசமாகக் கிடைப்பதை 45,000 ரூபாய்க்கு வாங்காதீர்கள்.

மையம் உண்மையானதுதானா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் இணையதளத்தில் மையத்தின் பெயர் இருக்க வேண்டும். பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் தொழிற்கல்விப் பயிற்சிக்கான தேசியக் குழுமத்தின் முத்திரை இருக்கிறதா, தேர்வு நடத்தியது வெளி அமைப்பா, இல்லை அவர்களே கேள்வி போட்டு அவர்களே திருத்திக்கொண்டார்களா என்று கவனியுங்கள்.

இதெல்லாம் தாள் விஷயம். நான் அதைவிட முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: எந்த மருத்துவமனையின் எந்த வார்டில், எத்தனை மணி நேரம் நிற்கவைப்பீர்கள், என் பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடப்போகும் சிஸ்டர் யார்? நல்ல இடம் என்றால் உடனே பதில் வரும். 'ஏற்பாடு செய்வோம்' என்று சொன்னார்கள் அல்லவா, அங்கே வார்டே கிடையாது. பொம்மையைப் படுக்கவைத்து விரிப்பு மாற்றக் கற்றுக்கொடுப்பார்கள். பொம்மை முனகாது, வாந்தி எடுக்காது, 'நீ தொடாதே, பெரிய சிஸ்டரைக் கூப்பிடு' என்று கத்தாது.

வார்டில் என்ன கற்பீர்கள் என்று சொல்கிறேன், பிடிக்குமா என்று நீங்களே பாருங்கள்.

நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். உங்களுக்குத் தெரியும். ஆனால் திருப்பும்போது வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு, தோள்பட்டை, பின்தலை ஐந்தையும் பார்த்து, தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அதை அந்த ஷிப்டிலேயே சொல்லிவிடுகிற உதவியாளர் ஒரு குடும்பத்தின் மாதக்கணக்கான செலவை மிச்சப்படுத்துகிறார். மூக்குக் குழாயில் கஞ்சி கொடுத்தீர்களே, தலைமாட்டை முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகை வரை உயர்த்தி வைத்தீர்களா? கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். மஞ்சக்குப்பத்துச் சிஸ்டர் இதையும் சொல்லியிருப்பார்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் நோயாளி ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை எண்ணும்போது நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மாற்றி விடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கி எழுதுகிற சோம்பேறிகளை நான் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று மில்லிலிட்டரில் எழுத வேண்டும். பெரியவர் ஒருவருக்கு மணிக்கு முப்பது மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் அட்டவணையில் எழுதிவிட்டுப் போய்விடக் கூடாது, ஆளைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

குப்பைக்கும் படிப்பு உண்டு. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில், டிரிப் குழாயும் கையுறையும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். ஊசிக்கு மறுபடி மூடி மாட்டவே கூடாது. தப்பித் தவறிக் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் ஊற்றிக் கழுவிவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. வேலையில் சேரும் முன்பே மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். இதைப் பற்றிப் பேசாத பயிற்சி நிலையம் உங்கள் உயிரைப் பொருட்படுத்தவில்லை.

எதைச் செய்யக் கூடாது என்பதும் பாடம்தான். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, மூக்குக் குழாய் புகுத்துவது ஜி.டி.ஏ. வேலை இல்லை. சிறிய மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை, 'நீயே போட்டுவிடு' என்பார்கள். ஏதாவது ஆனால் முதலில் கைகாட்டப்படுவது நீங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், உங்களுக்கு ஏ.என்.எம். பொருந்தும். வயது வரம்பு 35, வணிகவியல் படித்தவர்களும் சேரலாம், பதினெட்டு மாதம் படிப்பு, ஆறு மாதம் உள்ளகப் பயிற்சி. முடித்தால் பதிவு எண் கிடைக்கும், கிராம சுகாதார செவிலியர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு குடும்பம் தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாமியாரிடம் ஒன்றும் வாதாட வேண்டாம். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள்.

நெல்லிக்குப்பத்துக்காரி எழுதியது:

சிஸ்டர், தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துத்தான் கஞ்சி கொடுத்தோம். பாகைக் கணக்கு அப்போது தெரியாது, ஆனால் படுக்கவைத்துக் கொடுக்காதே என்று அந்தச் சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நீங்கள் எழுதியதை வைத்து அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எந்த வார்டு, கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டேன். "சேருகிறவர்களுக்குத்தான் அதைச் சொல்வோம்" என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

ஏ.என்.எம். ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் முடியாது என்று கணவர் சொல்கிறார், அதுவும் உண்மைதான். ஜி.டி.ஏ. முடித்தால் கடலூரிலேயே வேலை கிடைக்குமா? கடலூர் என்றால் டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை. புதுச்சேரி என்றால் தினமும் பஸ் செலவு, இரவு ஷிப்ட் முடிந்து திரும்புவதும் கஷ்டம். கொழுந்தனார் அமெரிக்காவை விடுகிறபாடாக இல்லை. அவருடைய நண்பரின் உறவினர் அங்கே இதே வேலையில் நன்றாகச் சம்பாதிக்கிறாராம். அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், எனக்கு வீட்டில் நிம்மதி கிடைக்கும்.

அரியாங்குப்பம் அண்ணன் எழுதியது:

என் தங்கை நியூஜெர்சியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டெண்டாக வேலை செய்கிறாள். கணவரின் வேலை காரணமாகப் போனவள், அங்கே வேலை செய்யும் அனுமதி கிடைத்த பிறகு அங்கேயே படித்தாள். உங்கள் கொழுந்தனாரிடம் இந்த வரியைக் காட்டுங்கள்: அவள் இந்த வேலைக்காக அமெரிக்கா போகவில்லை, அமெரிக்காவில் இருந்ததால் இந்த வேலைக்குப் போனாள்.

அங்கே இது கிளினிக் வேலை. நோயாளியை அறைக்குள் அழைத்துப்போய் உட்காரவைப்பது, பிரஷர், எடை பார்ப்பது, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கணினியில் ஏற்றுவது, ரத்தம் எடுப்பது, இ.சி.ஜி., டாக்டர் சொன்னால் தடுப்பூசி போடுவது, அடுத்த முறை வர நேரம் குறிப்பது, காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுவது. படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டித் திருப்பிப் போடுகிறவர் அங்கே வேறு ஆள், செர்டிஃபைடு நர்சிங் அசிஸ்டெண்ட். அதற்குத் தனிப் பயிற்சி, 1987-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தது 75 மணி நேரம். அந்த மாடி நிலையம் எதைச் சொல்லிக்கொடுத்து எந்த வேலைக்கு அனுப்பப்போகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

பெரும்பாலான மாநிலங்களில் மெடிக்கல் அசிஸ்டெண்டுக்கு அரசு உரிமம் கேட்பதில்லை. வாஷிங்டன் மாநிலம் கேட்கிறது. ஆனால் சான்றிதழ் இல்லாதவரை முதலாளிகள் எடுக்க யோசிப்பார்கள். அங்குள்ள மெடிக்கல் அசிஸ்டெண்டுகள் சங்கம் தரும் சி.எம்.ஏ. சான்றிதழுக்கு, அந்நாட்டு அங்கீகார அமைப்புகள் ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்திருப்பதுதான் வழக்கமான வழி. தேர்வில் 200 கேள்விகள், நாற்பது நிமிடப் பகுதிகளாக நான்கு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் தங்கை எழுதியது வேறொரு அமைப்பின் சி.சி.எம்.ஏ., அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறாள். கிருமாம்பாக்கம் பக்கம் அச்சடித்த டிப்ளமோவை இவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

பார்த்தாலும் விசா? எச்-1பி விசாவுக்குப் பட்டப் படிப்பு கேட்கும் வேலையாக இருக்க வேண்டும். மெடிக்கல் அசிஸ்டெண்ட் அப்படிப்பட்ட வேலை இல்லை. பதிவு பெற்ற செவிலியர்களுக்குத்தான் அங்கே வழி திறந்திருக்கிறது. அங்கே செவிலியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வு எழுதி, வேலை தரும் மருத்துவமனை மூலம் குடியேற்ற விசாவுக்கே விண்ணப்பிக்கிறார்கள். வெளிநாடுதான் குறி என்றால் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்கு இங்கிருந்து ஆட்களை எடுக்கிறார்கள், அது உண்மையான திட்டம். பராமரிப்புத் திறன் தேர்வோடு ஜப்பானிய மொழியில் என்-4 நிலையோ அதற்கு இணையான தேர்வோ தேற வேண்டும். குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதால் உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன்.

நைட் டூட்டி எழுதியது:

நான் ஜி.டி.ஏ. இலவசத் திட்டத்தில் படித்தவன். பண்ருட்டிக்காரன். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. பதினோராயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்தேன், இப்போது பதினாறாயிரம் வாங்குகிறேன். படிப்பின்போது வந்த அழைப்புகளில் பதினெட்டு, இருபது என்றெல்லாம் சொன்னார்கள். அவை சென்னையில், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்துக்கொண்ட பிறகு கடலூர் சம்பளமே தேவலை.

வேலை கிடைக்குமா என்றால் கிடைக்கும். பெண்கள் வார்டுக்கு எப்போதும் ஆள் தேவை. ஆனால் சேரும்போது மூன்று விஷயம் கேளுங்கள். சம்பளம் மருத்துவமனையே தருகிறதா, ஆள் அனுப்பும் ஏஜென்சி தருகிறதா? ஏஜென்சி என்றால் நோயாளி வீட்டில் வாங்குவது ஒன்று, உங்கள் கைக்கு வருவது ஒன்று. அடுத்து இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, பிள்ளையின் வைத்தியத்துக்கும் சேர்த்து. கடைசியாக, நைட் டூட்டி வாரம் எத்தனை, காலையில் யார் வந்து உங்களை விடுவிப்பார்? இதை வாய்வார்த்தையாக விட்டால் இரவு ஷிப்ட் மதியம் வரை நீளும். எனக்கு நீண்டிருக்கிறது.

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குக் கூப்பிடுவார்கள், காசு கூடுதல். நான் அதைச் சில காலம் செய்தேன். பெண்களுக்கு நான் சொல்வது, வீட்டை நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவில் எங்கே படுப்பது, கழிப்பறை எது, வீட்டில் வேறு யார் இருப்பார்கள் என்பதை முன்பே கேளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனவரிடம் பாத்திரம் தேய்க்கச் சொல்வதும் நடக்கும். என்னென்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இடுப்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் அக்கா. ஆளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும், முதுகை வளைத்துத் தூக்கக் கூடாது. கனமான நோயாளி என்றால் தனியாகத் தொடாமல் என்னைப்போல ஒருவனைக் கூப்பிடுங்கள்.

முத்தியால்பேட்டை சிஸ்டர் எழுதியது:

நைட் டூட்டித் தம்பி சொன்ன ஏஜென்சி விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள்.

ஜி.டி.ஏ. முடித்து வேலைக்குப் போனால் அதோடு முடங்கிவிடுவோமோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. 35 வயது வரை ஏ.என்.எம். வாசல் திறந்திருக்கிறது. இப்போது ஜி.டி.ஏ. முடித்து இரண்டு மூன்று ஆண்டு சம்பாதியுங்கள், மகனும் கொஞ்சம் வளர்ந்துவிடுவான். அதன் பிறகு ஏ.என்.எம். சேர்ந்தாலும் வயது இடிக்காது. வார்டில் நின்ற அனுபவத்துக்குப் படிப்பில் மாதச் சலுகை எதுவும் கிடைக்காது. ஆனால் முதல் நாள் பிணவாடைக்கு மயங்கி விழுகிற பிள்ளைகளுக்கு நடுவில் நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள்.

நெல்லிக்குப்பத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அரியாங்குப்பம் அண்ணன் எழுதியதைக் கொழுந்தனாரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ ஜப்பான்?" என்றார். பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் திறன் பயிற்சி அலுவலகம் போகிறேன். நகல்களை மட்டும் எடுத்துப்போகிறேன், அசல் பையிலேயே இருக்கும். அடுத்த அணி எப்போது தொடங்குகிறது, வார்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று கேட்டுவந்து இங்கே எழுதுகிறேன், கடலூர்ப் பக்கம் வேறு யாருக்காவது பயன்படும்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது சிஸ்டர். மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி எங்கள் கடைக் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கிறது. படிப்பில் சேரும் வரை காத்திருக்காமல் முதல் தவணையை இப்போதே போட்டுக்கொள்ளலாமா?

முத்தியால்பேட்டை சிஸ்டர் எழுதியது:

தாராளமாக. ஆனால் கடையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ள வேண்டாம், டாக்டரிடம் போய்ப் போடுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் ஒன்று. மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைக் கெடிலக்கரைத் தம்பியின் ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் பயமில்லை. தேதி போட்ட அட்டையைச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள், வேலைக்குச் சேரும்போது கேட்பார்கள்.